ஆண்டு முத்திரையும் அறுவடைக்காரனும்

விளைவித்ததை உடனே விற்றாக வேண்டியவனுக்கு விலை பேசும் உரிமை இல்லை. பொறுத்திருக்க வல்லவனே விலை சொல்ல வல்லவன். நம் சங்க உறுப்பினர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சந்தை கலையும் நேரத்தில் வந்த விலைக்குக் காய்கறியைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பியோரும், நூல் கடன் நெருக்கியதால் தறியிலிருந்து அறுத்த சேலையை அன்றே வியாபாரி கையில் ஒப்படைத்தோரும் நம்மிடையே பலர் உண்டு. பொறுமை நல்ல குணந்தான். ஆனால் தொழிலில் பொறுமை காட்ட முதல் வேண்டும், சரக்கை வைக்க இடம் வேண்டும், துணை நிற்க ஆட்களும் வேண்டும்.

பொறுமையையே முதலாக வைத்துத் தொழில் நடத்தும் ஒரு நாட்டுப்புறத்தைப் பற்றி இம்மாதம் எழுதுகிறோம். அது பிரான்சு தேசத்தின் ஷாம்பேன் வட்டாரம். அங்கு விளையும் திராட்சையிலிருந்து நுரை பொங்கும் ஒயின் செய்யப்படுகிறது. மது அருந்துவதன் நன்மை தீமைகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதில் அவரவர் கொள்கைப்படி நிற்பார்கள். ஒரு விளைபொருள் எவ்வாறு பத்து மடங்கு மதிப்புப் பெறுகிறது, அம்மதிப்பில் தோட்டக்காரனுக்கு எவ்வளவு சேர்கிறது, அப்பங்கை அவன் எவ்வாறு போராடிப் பெற்றான் என்பனவே நாம் காண விரும்புவன.

நிலமும் கொடியும்

பாரிசு மாநகருக்குக் கிழக்கே, இரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் எட்டக்கூடிய தொலைவில் இவ்வட்டாரம் இருக்கிறது. ரான்ஸ், எப்பெர்னே என்னும் இரண்டு நகரங்கள் இதன் தலைமை இடங்கள். மார்ன் ஆறு இதன் நடுவே ஓடுகிறது. நிலத்தின் மேல் சிறிதளவு மண். அதன் கீழே ஆழமான சுண்ணாம்புப் பாறை. அப்பாறை மழை நீரைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையில் வேருக்குக் கொடுக்கிறது. அதே பாறையைக் குடைந்துதான் நிலவறைகளும் அமைத்திருக்கிறார்கள். கோடையிலும் குளிர்காலத்திலும் அவற்றினுள் வெப்பம் பத்துப் பன்னிரண்டு டிகிரி அளவிலேயே நிற்கும்.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடியைத் தலைக்கு மேல் பந்தலில் படர விட்டு, கவாத்துக் காலத்தை மாற்றி மாற்றி ஆண்டு முழுவதும் பழம் எடுக்கிறார்கள். ஷாம்பேன் வட்டாரத்திலோ ஆண்டுக்கு ஒரே அறுவடை. குளிர் மிகுந்த நாடாதலின், நிலத்தின் சூடு பழத்துக்கு எட்டும் வண்ணம் கொடியைக் கம்பியில் தாழ்வாகவே கட்டுகிறார்கள். வசந்த காலத்தில் ஒரு நாள் இரவு உறைபனி பெய்தால் துளிர் கருகி அவ்வாண்டு விளைச்சலே போய்விடக்கூடும். முன்பெல்லாம் செப்டம்பர் இறுதியில் நடந்த அறுவடை, பருவநிலை வெப்பமடைந்து வருவதால், இப்போது பல ஆண்டுகளில் ஆகஸ்டு இறுதியிலேயே தொடங்கிவிடுகிறது. பழத்தைக் கையால் கொத்துக் கொத்தாகவே பறிக்க வேண்டும் என்பது சட்டம். இயந்திர அறுவடைக்கு அங்கே இடமில்லை.

மூன்று வகைத் திராட்சைகளே அங்கு முக்கியமானவை. பினோ நுவார், மியூனியே என்னும் இரண்டும் கருந்திராட்சை, ஷார்டனே வெண்திராட்சை. கருந்திராட்சையில் நிறம் தோலில்தான் இருக்கிறது. மெதுவாகப் பிழிந்தால் சாறு வெளிறியே வரும். அதனால் கரும்பழத்திலிருந்தும் வெள்ளை ஒயின் செய்ய முடிகிறது. 4,000 கிலோ பழத்திலிருந்து 2,550 லிட்டர் சாறு மட்டுமே எடுக்கலாம் என்பது விதி. இக்கணக்குப்படி ஒரு புட்டிக்கு ஏறத்தாழ 1.2 கிலோ பழம் ஆகிறது. பழத்தில் இன்னும் சாறு இருக்கும். ஆனால் கசக்கிப் பிழிந்தால் தோலின் கசப்பும் நிறமும் இறங்கிவிடும் என்பதால் அதனை விட்டுவிடுகிறார்கள்.

நுரை எவ்வாறு பிறக்கிறது

சாறு முதலில் சாதாரண ஒயினாகப் புளிக்கிறது. இதில் நுரை இல்லை. பல தோட்டங்களின் ஒயினைச் சுவைத்துப் பார்த்து, தக்க அளவில் கலந்து, சிறிது சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் புட்டியில் அடைக்கிறார்கள். மூடிய புட்டிக்குள் இரண்டாம் முறை புளிப்பு நடைபெறுகிறது. அப்போது உண்டாகும் கரியமில வாயு வெளியேற வழியின்றி ஒயினிலேயே கரைந்து நிற்கும். புட்டியினுள் அழுத்தம் காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப்போல் ஆறு மடங்கு வரை ஏறுகிறது. பழைய நாளில் சர்க்கரை அளவு தெரியாமல் எண்ணற்ற புட்டிகள் நிலவறையிலேயே வெடித்துச் சிதறின. 1830களில் பிரான்சுவா என்னும் மருந்துக்கடைக்காரர் சர்க்கரையை அளந்து சேர்க்கும் முறையைக் கண்டு சொன்ன பின்னரே அந்நட்டம் குறையத் தொடங்கியது.

வேலை முடிந்த ஈஸ்ட்டு இறந்து வண்டலாக அடியில் படிகிறது. மேற்பார்வைக்கு அது கழிவுதான். ஆயினும் ஒயின் அவ்வண்டலோடு ஒரே புட்டியில் நெடுநாள் கிடந்தால், வண்டல் மெல்லக் கரைந்து சுவையும் மணமும் ஊட்டுகிறது. காற்றினால் ஒயின் கெடாமலும் காக்கிறது. இத்தொழிலின் இரகசியம் முழுவதும் இதிலேயே அடங்கியுள்ளது. எவ்வளவு நாள் விட்டு வைக்கிறோமோ அவ்வளவு உயர்வு. விட்டு வைக்கும் ஒவ்வொரு நாளும் செலவு.

போதிய காலம் ஆனபின் புட்டியை நாள்தோறும் சிறிது திருப்பிச் சாய்த்து, வண்டலைக் கழுத்துப் பகுதிக்கு இறக்குகிறார்கள். பிறகு மூடியைத் திறந்ததும் உள்ளழுத்தத்தால் வண்டல் வெளியே பீறிட்டுப் போகிறது. குறைந்த அளவை ஒயினாலும் சிறிது சர்க்கரைப் பாகாலும் நிரப்பி, தக்கையிட்டுக் கம்பியால் கட்டிவிடுகிறார்கள்.

ஆண்டு முத்திரை என்பது யாது?

சந்தையில் விற்கும் ஷாம்பேனில் பெரும்பகுதி ஆண்டுக் குறிப்பு இல்லாதது. ஒரு வருடம் மழை, ஒரு வருடம் பனி என்று விளைச்சல் மாறிக்கொண்டே இருப்பதால், பல ஆண்டுகளின் ஒயினைக் கலந்து எப்போதும் ஒரே சுவை வரும்படி செய்கிறார்கள். முந்திய ஆண்டுகளில் மிச்சம் பிடித்த ஒயின் இதற்குக் கை கொடுக்கிறது. இவ்வகைப் புட்டி குறைந்தது பதினைந்து மாதம் நிலவறையில் இருந்தாக வேண்டும்.

மிகச் சிறந்த பருவம் வாய்த்த ஆண்டில் மட்டும், அவ்வாண்டின் திராட்சையை வேறு ஆண்டோடு கலவாமல் தனியே செய்து, புட்டியின் மேல் ஆண்டைப் பொறிக்கிறார்கள். இதுவே ஆண்டு முத்திரை ஒயின். இது குறைந்தது மூன்றாண்டு காத்திருக்க வேண்டும். நல்ல வீட்டார் அதைப்போல் இருமடங்கும் மும்மடங்கும் காத்திருக்கிறார்கள். ஓர் ஆண்டின் அறுவடையில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் ஆண்டு முத்திரையோடு விற்கக்கூடாது என்றும் விதி உண்டு. நல்ல ஆண்டின் ஒயினை முழுவதும் உயர்ந்த விலைக்கு விற்றுவிட்டால், பின்வரும் மெலிந்த ஆண்டுகளில் கலப்பதற்கு ஒன்றும் மிஞ்சாதன்றோ? விதை நெல்லை உண்ணக்கூடாது என்று நம் பெரியோர் சொன்னதும் இதே கருத்துத்தான்.

ஆண்டு முத்திரையிலும் தலைசிறந்த தோட்டங்களின் பழத்தை மட்டும் கொண்டு, ஒரு வீட்டின் புகழுக்கே அடையாளமாகச் செய்யப்படும் ஒயின்கள் உண்டு. 1876 இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தருக்கென லூயி ரோதரர் என்னும் வீட்டார் செய்த 'கிரிஸ்டல்' என்பது இவ்வகையில் பெயர் பெற்றது. அவ்வீடும் இன்றளவும் ஒரு குடும்பத்தின் உடைமையாகவே இருந்து வருகிறது.

ஆயி ஊரின் பொல்லிஞ்சர் குடும்பம்

எப்பெர்னே நகருக்கு அருகே மார்ன் ஆற்றங்கரையில் ஆயி என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே 1829 இல் மூவர் கூடி ஒரு வாணிபத்தைத் தொடங்கினர். நிலமுடைய பிரபு வீல்லெர்மோன் ஒருவர்; பால் ரெனோதான் ஒருவர்; ஜெர்மனியின் வூர்ட்டெம்பெர்க்கிலிருந்து வந்த ழாக் பொல்லிஞ்சர் மற்றொருவர். பிரபு குலத்தாருக்கு வாணிபத்தில் பெயர் போடுவது இழுக்கென்று கருதப்பட்ட காலமாதலின், வீல்லெர்மோன் நிலத்தைக் கொடுத்தாரேயன்றிப் பெயரைக் கொடுக்கவில்லை. பின்னர் பொல்லிஞ்சர் அவர் மகளை மணந்தார். வீடும் பொல்லிஞ்சர் பெயராலேயே வழங்கலாயிற்று.

இவ்வீட்டின் வரலாற்றில் பெரிதும் போற்றப்படுபவர் லில்லி பொல்லிஞ்சர் அம்மையார். பிறந்த குடும்பம் லா த லோரிஸ்தோன். இப்பெயர் புதுச்சேரி வரலாறு அறிந்தவர்களுக்குப் புதிதன்று. 1761 இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்ட புதுச்சேரி நகரைத் திரும்பக் கட்டிய ஆளுநரின் பெயரும் லா த லோரிஸ்தோனே. 1941 இல் கணவர் இறந்தபோது நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்தது. மக்கட்பேறு இல்லாத அவ்வம்மையார் தாமே நிறுவனத்தை ஏற்று, முப்பதாண்டுக் காலம், 1971 வரை நடத்தினார். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காததால் சைக்கிளில் ஏறித் தோட்டந்தோறும் சென்று கொடிகளைப் பார்வையிட்டார். போருக்குப் பின்னரும் அப்பழக்கத்தை விடவில்லை. புதிய தோட்டங்களையும் வாங்கிச் சேர்த்தார். பின்னர் அவர் உறவினர் வழியில் நிர்வாகம் தொடர்ந்தது. இந்நூற்றாண்டில் குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்களை நிர்வாகத் தலைமைக்கு அமர்த்தியிருக்கிறார்கள். ஆனால் உடைமை குடும்பத்தாரிடமே இருக்கிறது.

இவ்வீட்டின் முறைகளில் மூன்றினை நம் உறுப்பினர்கள் கவனிக்கலாம்.

முதலாவது, நிலம். ஏறத்தாழ 180 எக்டேர், அதாவது 440 ஏக்கருக்கு மேல், இவர்களுக்குச் சொந்தம். தேவையான பழத்தில் பாதிக்கு மேல் சொந்தத் தோட்டத்திலேயே கிடைத்துவிடுகிறது. அவ்வட்டாரத்தில் பெரும்பாலான வாணிப வீடுகளுக்கு இந்த வசதி இல்லை.

இரண்டாவது, கைவேலை. ஆண்டு முத்திரைக்குரிய ஒயினை இன்றும் ஓக் மரப் பீப்பாய்களிலேயே புளிக்க விடுகிறார்கள். புதுப் பீப்பாயின் மரவாடை ஒயினில் ஏறிவிடுமாதலால் பழைய பீப்பாய்களையே விரும்புகிறார்கள். அவற்றைப் பழுது பார்க்கவென்றே பீப்பாய்த் தச்சர் ஒருவரைச் சம்பளத்தில் வைத்திருக்கிறார்கள். நிலவறையில் கிடக்கும் ஆண்டு முத்திரைப் புட்டிக்குத் தகர மூடி இடாமல் தக்கையே இடுகிறார்கள். இரும்புச் சட்டங்களில் இயந்திரம் புட்டியைத் திருப்பும் இக்காலத்திலும், இவ்வகைப் புட்டிகளை ஆட்களே கையால் திருப்புகிறார்கள். வண்டல் நீக்கும்போது திறப்பவர் ஒவ்வொரு புட்டியையும் முகர்ந்து பார்த்து, குறையுள்ளதை ஒதுக்கிவிடுகிறார். கைத்தறிச் சேலையை மடிப்பதற்கு முன் விரித்து இழை இழையாகப் பார்க்கும் நம் தரப் பரிசோதகரை இது நினைவூட்டுகிறது.

மூன்றாவது, காத்திருத்தல். இவர்களது ஆண்டு முத்திரைக்குப் 'பேராண்டு' என்று பொருள்படும் 'லா கிராந்த் ஆனே' என்று பெயர். 2008, 2012 ஆகிய அறுவடைகளுக்கு அம்முத்திரை கிடைத்தது. 2001, 2011 ஆகியவற்றுக்குக் கிடைக்கவில்லை. பருவம் சரியில்லையெனில் அந்த வருமானத்தையே வேண்டாமென்று விட்டுவிடுகிறார்கள். லில்லி அம்மையார் இதற்கும் ஒரு படி மேலே சென்றார். 1952 ஆம் ஆண்டு அறுவடையில் ஒரு பகுதியை வண்டலோடு மேலும் பல்லாண்டு நிலவறையில் கிடத்தி வைத்து, 1960களில் வண்டல் நீக்கி, நீக்கியதும் விற்பனைக்கு அனுப்பினார். 'அண்மையில் வண்டல் நீக்கியது' என்னும் பொருளுடைய இரண்டு எழுத்துகளே, ஆர்.டி. என்று, அதற்குப் பெயராயின. பழையது, ஆனால் புத்துணர்ச்சி குன்றாதது என்பதே அதன் சிறப்பு. பிற வீட்டார் பலரும் பின்னர் இம்முறையைப் பின்பற்றினர்.

இவ்வீட்டாரிடம் விவசாயிகள் பார்க்கத்தக்க மற்றொன்றும் உண்டு. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த பிலாக்சரா என்னும் வேர்ப்பூச்சி, பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அடியோடு அழித்தது. 1890 வாக்கில் ஷாம்பேனையும் எட்டியது. அப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியின் மீது பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டுவதே அதற்குக் கண்ட தீர்வு. ஏறத்தாழ எல்லாத் தோட்டங்களும் அவ்வாறே மாறின. ஆயி ஊரில் பொல்லிஞ்சர் குடும்பத்தின் இரண்டு சிறு துண்டு நிலங்கள் மட்டும் பூச்சிக்குத் தப்பி, ஒட்டுக் கட்டாத பழைய கொடிகளோடே நிற்கின்றன. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ ஓர் ஏக்கர்தான். வரிசை இல்லை, கம்பி இல்லை, கொடியைத் தரையில் பதியம் போட்டு வேர்விடச் செய்கிறார்கள். வேலை முழுதும் கையால்தான். 1969 ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து இதன் பழத்தைத் தனியே ஒயினாக்கினர். ஓர் ஆண்டில் சில ஆயிரம் புட்டிகளே கிடைக்கும். பூசி ஊரில் இருந்த மூன்றாவது துண்டு, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே பூச்சிக்கு இரையாயிற்று. நூறாண்டு தப்பியது என்பது என்றும் தப்பும் என்பதற்கு உறுதியாகாது.

பொறுமைக்கு ஆகும் செலவு

அண்மை ஆண்டுகளில் ஷாம்பேன் திராட்சை கிலோ ஆறு ஏழு யூரோ விலைக்கு விற்கிறது. ஒரு புட்டிக்குப் பழத்துக்கு மட்டும் ஏறத்தாழ எட்டு யூரோ ஆகிறது. இதைப் பத்தாண்டு நிலவறையில் கிடத்துவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் கூட்டு வட்டி போட்டால், எட்டு யூரோ பதின்மூன்று யூரோவாக நிற்கும். புட்டி, கூலி, நிலவறைப் பராமரிப்பு ஆகியவை தனி. ஓர் இலட்சம் புட்டி வைத்திருப்பவருக்கு வட்டியிலேயே ஐந்து இலட்சம் யூரோ முடங்குகிறது. வட்டாரம் முழுவதும் ஆண்டுக்கு 27 முதல் 30 கோடிப் புட்டி வரை விற்கிறது. நிலவறைகளில் காத்திருப்பதோ நூறு கோடிக்கு மேல்.

இச்சுமையைத் தாங்குவது யாருக்கு எளிது? பங்குச் சந்தையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இலாபக் கணக்குக் காட்ட வேண்டிய நிறுவனத்துக்கு இது கடினம். தாத்தா அடைத்த புட்டியைப் பேரன் விற்கும் குடும்பத்துக்கு இது இயல்பு. ஆனால் குடும்பத்துக்கும் ஒரு நோய் உண்டு. தலைமுறை பெருகப் பெருகப் பங்குகள் சிதறுகின்றன. சொத்துரிமை வரியும் வருகிறது. பங்காளிகளில் சிலர் நிலவறையில் கிடக்கும் புட்டியைவிடக் கையில் வரும் பணத்தை விரும்புகிறார்கள். இவ்வாறு பல பழைய வீடுகள் பெருநிறுவனங்களின் கைக்கு மாறின. 1999 இல் குருக் என்னும் பெயர் பெற்ற வீடு அத்தகையதொரு பெருங்குழுமத்தில் சேர்ந்தது.

2005 இல் தெத்தாஞ்சே குடும்பத்தார் தம் நிறுவனத்தை அமெரிக்க முதலீட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்றனர். மறு ஆண்டே, அக்குடும்பத்தைச் சேர்ந்த பியேர் எம்மானுவேல் தெத்தாஞ்சே ஷாம்பேன் தொழிலை மீட்டு வாங்கினார். அதற்குத் துணை நின்றது யார் தெரியுமா? கிரெடி அக்ரிகோல் என்னும் வங்கியின் வடகிழக்கு வட்டாரப் பிரிவு. கிரெடி அக்ரிகோல், 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிற்றூர் விவசாயிகள் தமக்குள் கடன் கொடுத்துக் கொள்ளத் தொடங்கிய சங்கங்களிலிருந்து வளர்ந்த கூட்டுறவு வங்கியாகும். கைவிட்டுப் போன குடும்பச் சொத்து, உழவரின் சிறுசேமிப்பில் வளர்ந்த வங்கியின் பலத்தால் திரும்பியது.

தோட்டக்காரரின் கதை

இதுவரை வாணிப வீட்டாரைப் பற்றிச் சொன்னோம். அவர்களுக்குப் பழம் கொடுப்பவர் நிலை என்ன?

ஷாம்பேன் வட்டாரத்தில் ஏறத்தாழ 34,000 எக்டேர் தோட்டம் உண்டு. அதில் பத்தில் ஒன்பது பங்கு, பதினாறாயிரம் சிறு தோட்டக்காரரின் சொத்து. சராசரியாக ஒருவருக்கு ஐந்து ஏக்கருக்கும் குறைவு. ஆனால் உலகச் சந்தையில் பெயரும் விற்பனையும் பெரும்பாலும் வாணிப வீடுகளுடையவை. நிலம் ஒருவரிடம், பெயர் மற்றொருவரிடம் என்னும் இந்நிலையே எல்லாப் பூசலுக்கும் வித்தாயிற்று.

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூச்சியாலும் நோயாலும் விளைச்சல் தொடர்ந்து குன்றியது. 1910 இல் ஏறத்தாழ ஒன்றுமே விளையவில்லை. விளைச்சல் குறைந்தால் விலை ஏற வேண்டும், ஏறவில்லை. ஏனெனில் வணிகர் சிலர் லுவார் ஆற்றுப் பக்கத்திலிருந்தும் தென்பிரான்சிலிருந்தும் மலிவான திராட்சையையும் ஒயினையும் இரயிலில் வரவழைத்து, ஷாம்பேன் என்று பெயரிட்டு விற்றனர். 1911 ஜனவரியில் பொறுமையிழந்த தோட்டக்காரர்கள் தாமரி, ஒத்விலேர் ஆகிய ஊர்களில் வெளியூர்ச் சரக்கைக் கைப்பற்றி அழித்தனர். இதனிடையே, எந்த ஊர்களுக்கு ஷாம்பேன் என்னும் பெயர் உரியது என அரசு எல்லை வகுத்ததில், தெற்கேயுள்ள ஓப் மாவட்டம் விலக்கப்பட்டிருந்தது. அம்மாவட்டத்தார் கிளர்ந்தெழுந்தனர். அவர்களுக்காக எல்லையை நீக்கலாம் என்று பாரிசில் தீர்மானமான செய்தி வந்ததும், மார்ன் மாவட்டத்தார் கொதித்தெழுந்தனர். 1911 ஏப்ரல் 12 அன்று ஆயி ஊரில் வாணிப வீடுகள் சூறையாடப்பட்டு எரிந்தன. இராணுவம் வந்தது. வணிகருக்கும் உழவருக்கும் இடையே தொடங்கிய பகை, உழவருக்குள்ளேயே பிளவாக முடிந்தது. 1927 இல் வந்த சட்டமே ஓப் மாவட்டத்தையும் உள்ளடக்கி அவ்வழக்கைத் தீர்த்தது.

எரிந்த வீடுகளால் எவருக்கும் விலை ஏறிவிடவில்லை. ஏற்றம் வந்தது வேறு இரண்டு வழிகளில்.

ஒன்று, ஒரே மேசையில் அமர்ந்தது. ஆயி எரிந்ததற்குச் சரியாக முப்பதாண்டு கழித்து, 1941 ஏப்ரல் 12 அன்று, ஷாம்பேன் தொழில் குழு சட்டப்படி அமைந்தது. ஜெர்மானியப் படை இலட்சக்கணக்கான புட்டிகளைக் கொண்டுபோய்க் கொண்டிருந்த நேரம் அது. தோட்டக்காரர் சார்பில் மோரிஸ் துவாயார், வணிகர் சார்பில் ராபர்ட் ழான் த வோகுவே ஆகிய இருவரும் அக்குழு அமைவதற்கு முன் நின்றனர். வோகுவேயை ஜெர்மானியர் 1943 இல் சிறைப்படுத்தினர். அக்குழுவில் இன்றும் இரு தரப்புக்கும் சம இடம் உண்டு. நெடுங்காலம் அறுவடைக்கு முன்னரே பழத்தின் விலை இணைந்து நிர்ணயிக்கப்பட்டது. ஒவ்வோர் ஊருக்கும் நிலத்தின் தகுதிப்படி நூற்றுக்கு எண்பது முதல் நூறு வரை விழுக்காடு வகுத்திருந்தனர். ஆயி போன்ற ஊர்களுக்கு முழு விலையான நூறு. இந்நிர்ணய விலை முறை 1990 இல் கைவிடப்பட்டது. எனினும் ஓர் ஏற்பாடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது: விளைச்சல் மிகுந்த ஆண்டில் ஒரு பகுதி ஒயினை விற்காமல் ஒதுக்கி வைத்து, பனியோ மழையோ கெடுத்த ஆண்டில் விடுவிக்கிறார்கள். மிகுந்த ஆண்டில் விலை வீழ்வதும், குறைந்த ஆண்டில் குடும்பம் வீழ்வதும் ஒருசேரத் தடுக்கப்படுகின்றன.

இரண்டாவது வழி கூட்டுறவு. கலகம் நடந்த ஆயி ஊரிலேயே 1921 இல் தோட்டக்காரர்கள் கூடி ஒரு கூட்டுறவைத் தொடங்கினர். 1929 இல் மாயீ என்னும் ஊரில் இருபத்துநான்கு பேர் சேர்ந்து மற்றொன்றை அமைத்தனர். அவர்களிடம் முதல் இல்லை, நிலவறை இல்லை. ஆதலின் குளிர்காலத்தில் தோட்ட வேலை ஓய்ந்தபோது, உறுப்பினர்களே கடப்பாரை எடுத்துச் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்தனர். பல ஆண்டுகள் குடைந்து ஒரு கிலோமீட்டர் நீள நிலவறையைத் தம் உழைப்பாலேயே உண்டாக்கினர். காத்திருக்க இடம் கிடைத்தது. இன்று அச்சங்கம் தன் ஊர்ப் பழத்தை மட்டும் கொண்டு, தன் பெயரிலேயே ஆண்டு முத்திரை ஒயினையும் தலைசிறந்த வகையையும் விற்கிறது. குடும்ப வீட்டாரால் மட்டுமே முடியும் என்று எண்ணியிருந்ததைக் கூட்டுறவாலும் செய்ய முடிந்தது. இன்று அவ்வட்டாரத்தில் சுமார் 130 கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. சூயி ஊரில் 1972 இல் தொடங்கிய கூட்டுறவுக் கூட்டமைப்பு, நிக்கோலா ஃபெயாத் என்னும் பெயரில் உலகெங்கும் விற்கிறது. ஆயிரக்கணக்கான சிறு தோட்டக்காரர் அதில் அடங்குவர்.

பெயரும் பொறுப்பும்

ஷாம்பேன் என்பது ஊர்ப்பெயர். அவ்வெல்லைக்குள் விளைந்த பழத்தில், விதித்த முறைப்படி செய்ததற்கே அப்பெயர் உரியது. 1993 இல் புகழ் பெற்ற ஆடை நிறுவனம் ஒன்று தன் வாசனைத் திரவியத்துக்கு அப்பெயரை வைத்தபோது, பிரெஞ்சு நீதிமன்றம் அதனைத் தடுத்தது. காஞ்சிபுரம் பட்டு போன்றவற்றுக்கு நம் நாட்டில் புவிசார் குறியீடு வழங்கியிருப்பதும் இதே நெறியில்தான். ஆனால் குறியீடு ஏட்டில் இருந்தால் போதாது. பெயரைத் திருடுவோர் மீது வழக்குத் தொடுக்க அமைப்பும் பணமும் வேண்டும். பெயருக்குரியோர் தாமே தரத்தைக் குறைக்காதிருக்கக் கட்டுப்பாடும் வேண்டும். ஷாம்பேன் குழு இவ்விரண்டையும் செய்கிறது.

அங்கே எல்லாம் நலமே என்று நாம் எழுதிவிட இயலாது. கையால் பறிக்க வேண்டிய அறுவடைக்கு வெளியிலிருந்து பெருந்திரளான கூலியாட்கள் வருகிறார்கள். 2023 ஆம் ஆண்டுக் கடும் வெயில் அறுவடையில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். அதே ஆண்டில், அயல்நாட்டிலிருந்து வந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளரை மனிதர் வாழத் தகாத இடத்தில் அடைத்து வேலை வாங்கியது வெளிப்பட்டது. அவர்களை ஏற்பாடு செய்தவர்கள் 2025 இல் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டனர். நூற்றுக்கணக்கான யூரோ விலை பெறும் புட்டிக்குப் பழம் பறித்தவனுக்கு நிழலும் நீரும் கிடைக்கவில்லையெனில், அப்பெருமை குறையுடையதே. 1911 இல் தமக்கு நியாயம் கேட்ட தோட்டக்காரரின் பேரப்பிள்ளைகள், இன்று தம் தோட்டத்தில் கூலிக்கு வருவோருக்கு அந்நியாயத்தை வழங்கக் கடமைப்பட்டவர்கள்.

உறுப்பினர்களே, நம் தொழில் வேறு, அவர்கள் தொழில் வேறு. தக்காளியைப் பத்தாண்டு நிலவறையில் வைக்க இயலாது. எனினும் சில செய்திகள் நமக்கும் பொருந்தும். சரக்கை வைத்திருக்கக் கிடங்கும், வைத்திருக்கும் காலத்துக்கு ஈட்டுக் கடனும் சங்கத்தால் கிடைக்குமாயின், விலை சொல்லும் நாளை நாமே குறிக்கலாம். மிகுந்த காலத்தில் ஒரு பங்கை ஒதுக்கினால், மெலிந்த காலத்தில் கை நீட்ட வேண்டுவதில்லை. முத்திரை பெறத் தகாத துணிக்கு முத்திரை மறுக்கும் துணிவு சங்கத்துக்கு இருந்தால், தகுதியுள்ள துணியின் விலை தானே உயரும். மாயீ ஊரில் முதலில் சேர்ந்த இருபத்துநான்கு பேரிடம் பணம் இல்லை. கடப்பாரை இருந்தது, குளிர்கால ஓய்வு இருந்தது. நம் சங்கக் கிடங்கு கட்டும் பணிக்கு உழைப்பாகத் தரவல்லது யாது என்று ஒவ்வோர் உறுப்பினரும் எண்ணி வருவாராக. அடுத்த பொதுக்கூட்டத்தில் அதனை முதற்பொருளாக எடுத்துப் பேசுவோம்.